பல் நரம்பு இருக்கிறதா, போய்விட்டதா?

வேர் சிகிச்சைதான் (ரூட் கேனல்) என் அன்றாட வேலை. பல்வலி பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லுமுன் ஒன்று: ‘பல் நரம்பு’ என்று நாம் சொல்வது தனி நரம்பு இல்லை. ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் கலந்த மெத்தென்ற சதை. பாடப்புத்தகத்தில் பல்கூழ் என்பார்கள். கீழே நானும் நரம்பு என்றே சொல்கிறேன்.

ஐஸ்கிரீம் வாயில் பட்டாலே கீழ்ப் பல் சுரீர்னு இழுக்குது டாக்டர். ரூட் கேனல்தானா? (திருச்சி வாசகி)

சுரீர் என்ற பிறகு எத்தனை நொடி நிற்கிறது? அடுத்த முறை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். முழுங்கிய இரண்டு மூன்று நொடியில் அடங்கினால் நரம்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஈறு இறங்கியிருக்கலாம், சின்னச் சொத்தை இருக்கலாம். கூச்சத்துக்கான பேஸ்ட்டோ ஒரு ஃபில்லிங்கோ போதும். அரை நிமிடம் தாண்டியும் விண் விண் என்று தெறித்தால் கதை வேறு. நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான், எக்ஸ்ரேகூட அப்புறம்தான்.

பகல்ல ஒண்ணுமில்ல, படுத்தா வலி. காது, நெத்திப்பொட்டு வரை போகுது. எந்தப் பல்லுன்னே சொல்லத் தெரியல. (ஓசூர், 34 வயது)

உடம்பில் வேறெங்கு வீங்கினாலும் சதை விரிய இடம் உண்டு. பல் நரம்புக்குக் கிடையாது, நாலு பக்கமும் கெட்டிச் சுவர். படுத்ததும் தலைக்கு ரத்த ஓட்டம் கூடி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தலையணையை உயர்த்தினால் கொஞ்சம் தணிவது இதனால்தான். இடம் தெரியாததும் இயல்பே. எந்தப் பல் என்று துல்லியமாகக் காட்டும் உணர்வு பல்லுக்குள் இல்லை, வேரைச் சுற்றிய சவ்வில்தான் இருக்கிறது. மேல்பல்லா கீழ்ப்பல்லா என்றுகூடக் குழம்பும்.

ஒருவர் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்தால் வலி நிற்கும், முழுங்கியதும் திரும்ப வரும். பேசுவதற்குள் அரை பாட்டில் காலி. சூட்டில் எகிறி, குளிரில் அடங்குகிற வலி என்றால் நரம்பைக் காப்பாற்றும் கட்டம் பெரும்பாலும் தாண்டிவிட்டது. நீங்கள் போனால் குளிரூட்டிய பஞ்சுருண்டையைப் பல் பல்லாகத் தொட்டுப் பார்ப்பார்கள், நல்ல பல்லில் தொடங்கி. கூசியதும் கையைத் தூக்குங்கள், அடங்கியதும் இறக்குங்கள். கை இறங்காத பல்தான் குற்றவாளி.

மூணு நாள் துடிச்ச வலி நேத்து தானா நின்னுடுச்சு. கிராம்புத் தைலம் வெச்சது வேலை செஞ்சிருக்கு! (மன்னார்குடி வாசகர்)

மன்னியுங்கள், நரம்பு செத்திருக்கவே வாய்ப்பு அதிகம். கிராம்பிலுள்ள யூஜெனால் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், சொத்தையை ஆற்றாது. செத்த சதையில் கிருமி பெருகி வேர் நுனி எலும்புக்கு இறங்கும். பிறகு ஒருநாள் கடித்தால் வலிக்கும், இல்லையேல் ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து சீழ் கசியும். பரு வழியாக வடிவதால் வலியும் இருக்காது. வருடக்கணக்கில் அப்படியே திரிகிறவர்கள் உண்டு. இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள்.

மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் வாங்கிப் போட்டா போதாதா?

போதாது. செத்த நரம்புக்கு ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? உயிரோடு வீங்கியிருக்கிற நரம்பின் வலியையும் அது குறைக்காது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்தால் டாக்டரே எழுதுவார். தாடைக்கடியில் வீக்கம், வாய் திறக்கவில்லை, எச்சில் முழுங்க முடியவில்லை என்றால் விடியும்வரை காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பையனுக்கு 5 வயசு. பின்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. விழப்போற பால்பல்லுக்கு எதுக்குச் செலவுன்னு மாமியார் கேக்குறாங்க. (சேலம், ஒரு அம்மா)

அந்தப் பல் விழ 10, 12 வயதாகும் என்று சொல்லுங்கள். அதுவரை சாப்பிட வேண்டாமா? சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரவேண்டிய பல்லுக்கு இடம் போய்விடும். வேரில் நரம்பு நன்றாக இருந்தால் நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து, எம்.டி.ஏ. என்ற பல் சிமென்ட் வைத்து, ஸ்டீல் கேப் போடலாம்.

திறந்துபோன நரம்பு பிழைக்குமா என்று சந்தேகம் வரலாம். 1965-இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு அது அழுகியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, துளையில் தீனி அடைத்துக் கிடந்தும், புதிதாகப் பல் திசு வளர்ந்து மூடியது. துளை இரண்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் கிருமி. கிருமி புகாமல் அடைப்பதில்தான் எங்கள் பாடு முழுக்க இருக்கிறது.

58 வயசு, சுகர் உண்டு. மாடி ஏறினா இடது கீழ்த்தாடை வலிக்குது, உட்கார்ந்தா சரியாயிடுது. சொத்தை எதுவும் தெரியல. எந்தப் பல்லா இருக்கும்?

ஐயா, பல்வலி படி ஏறும்போது மட்டும் வந்து, உட்கார்ந்தால் போகாது. இது இதயத்திலிருந்து வருகிற வலியாக இருக்கலாம். இதைப் படித்ததும் வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஈசிஜி எடுங்கள். பல்லை அப்புறம் பார்ப்போம்.