வேனில் இடமில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து ஒரு மாதம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் கூடப்பிறந்த அண்ணனின் விசைப்படகு கரையில் நிற்கிறது. வீட்டு விசேஷங்களை எல்லாம் இந்த மாதத்தில்தான் வைத்தோம். அக்கா மகள் கல்யாணம். பரமக்குடியில் தங்கை மகனுக்குக் காதுகுத்து, அப்படியே அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்தோம். நண்பனின் குடும்பத்தோடு ஏர்வாடி சந்தனக்கூடு. ராமநாதபுரத்தில் இரண்டு சினிமா. ராத்திரியானால் திண்ணையில் டிவியை வைத்து ஐபிஎல். சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் வந்து பத்து நாள் தங்கினார்கள். வேன் பிடித்து அவர்களைப் பாம்பன் புதுப் பாலம், தனுஷ்கோடி என்று கூட்டிப்போனோம். வேனில் இடம் போதாததால் அம்மாவும் மதினியும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

சந்தோஷமான மாதம்தான். ஆனால் திரும்பிப் பார்த்தால் வீணாகிவிட்டதோ என்று இருக்கிறது. எடுத்த புத்தகம் முப்பது பக்கம் தாண்டவில்லை. தொடங்கிய சிறுகதை அப்படியே கிடக்கிறது. குடும்பத்துக்குள் இருந்துகொண்டு எழுத்துக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? நீங்கள் அதிகாலையில் எழுதுவீர்களா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

வைகாசி நெருங்கினாலே எனக்கு அம்மாவின் நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்பில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி என்னை இரண்டு நாளாக விடவில்லை.

அதிகாலையா, இரவா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. எப்போது கண் திறந்திருக்கிறதோ அப்போது எழுதுங்கள். கிரிக்கெட் பார்த்ததற்கும் சினிமாவுக்குப் போனதற்கும் வருத்தப்பட ஒன்றுமில்லை. சொந்தபந்தத்தோடு திண்ணையில் உட்கார்ந்து கைதட்டுவது நல்ல விஷயம். முப்பது பக்கத்தில் நின்ற புத்தகமும் எங்கும் ஓடிவிடாது.

'வேனில் இடம் போதாததால் அம்மாவும் மதினியும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.' இதை எழுதிய கையோடு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். இருந்துவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? வேன் பிடித்தது நீங்கள். எத்தனை சீட் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். யாரெல்லாம் ஏற வேண்டும் என்று எண்ணியபோது அந்த இரண்டு பேரையும் எண்ணினீர்களா? அவர்களாகவே "நாங்க இருக்கோம், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். அதை நம்பி வண்டியை எடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

பதினான்கு பேர் பத்து நாள் தங்கினார்கள். வேளைக்கு எத்தனை இட்லி? மீனை யார் ஆய்ந்தார்கள்? உங்கள் கடிதத்தில் அழகர் இருக்கிறார், சந்தனக்கூடு இருக்கிறது, அடுப்பு இல்லை. மீன் இனப்பெருக்கக் காலம் என்று 2001இல் தொடங்கிய தடை, அப்போது 45 நாள். 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. மீனுக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற மாதங்களில் உங்கள் அண்ணன் கடலுக்குப் போகிற நாளில் படகிலேயே சாப்பிட்டுக்கொள்வார். இப்போது அவரும் வலை பொத்த வரும் ஆட்களும் மூன்று வேளையும் கரையில்தான். அதற்கு மேல் பதினான்கு விருந்தாளிகள். மதினிக்கு இது என்ன காலம் என்று யோசித்தீர்களா?

நான் பிறந்தது தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடற்கரைக் கிராமம். கரைவலைக் குடும்பம். அப்போது தடைக்காலம் கிடையாது. வைகாசியில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் எட்டு நாள் யாரும் வலையைத் தொட மாட்டார்கள், அதுதான் எங்களுக்கு ஓய்வு. வீடு நிறைய சொந்தக்காரர்கள் வருவார்கள். கடைசி நாள் விடிய விடிய வள்ளி திருமண நாடகம். பபூன் வந்து சிரிக்க வைப்பார், அப்புறம் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம், விடியும் நேரத்தில்தான் கல்யாணம்.

ராமநாதபுரத்துக் கரையில் தண்ணீர்க் கஷ்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறையப் பொறுமை வேண்டும். பகலில் கூட்டம் என்பதால் அம்மா ராத்திரியில்தான் போவாள். விருந்தாளிகள் இருக்கிற நாளில் குடங்களின் எண்ணிக்கையும் கூடும். நாடகம் நடக்கும் ராத்திரி முழுக்க அவள் ஊற்றில் உட்கார்ந்திருப்பாள். பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அங்கேயும் கேட்கும். நாரதர் கேட்கிற கேள்வி, வள்ளி மடக்குகிற மடக்கு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மாவு ஆட்டும்போது இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவாள்.

மேடையை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு நான் வந்ததும் கேட்பாள், "வள்ளி என்ன கலர் சேலைடா கட்டியிருந்தா?"

பபூன் போனதும் தூங்கிவிடுகிறவன் நான். "பச்சை" என்று சொல்லிவைத்தேன். அடுத்த வருசமும் கேட்டாள், அடுத்த வருசமும் பச்சை என்றேன். "எல்லா வருசமும் பச்சைதானா?" என்று கேட்டுவிட்டு உலைக்கு அரிசி களையப் போனாள். அவள் கேட்ட ஒரே விஷயம் அது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, இரண்டு குடத்தை நான் வாங்கிக்கொண்டு "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்ல முடியாத வயதில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். அம்மா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் பச்சைச் சேலையில் வள்ளியை எங்காவது பார்த்தால் எழுந்து வந்துவிடுவேன்.

தம்பி, எழுத நேரமில்லை என்கிறீர்கள். நேரம் நிறைய இருந்திருக்கிறது. உங்கள் சிறுகதையில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேன் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்குள் போய் அந்த இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதவரை அதை முடிக்க வேண்டாம்.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை உங்கள் அம்மா பார்த்திருப்பார். ஆட்கள் நின்று கையால் சுற்ற, நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் நிமிரும். புதியது அப்படியில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. 2025 ஏப்ரலில் திறந்தார்கள். மண்டபத்தில் இருந்துகொண்டு அவர் அதைப் பார்க்கவில்லை என்றால் அது யார் தப்பு?

தடை முடிய இன்னும் நாள் இருக்கிறது. கப்பல் எப்போது கடக்கிறது என்று விசாரித்து, ஒரு ஆட்டோ பிடித்து, அம்மாவையும் மதினியையும் மட்டும் கூட்டிப் போங்கள். அன்றைக்குச் சோறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து எனக்கு எழுதுங்கள். நீங்கள் பார்த்தது வேண்டாம், அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்