ஹாங்காங் டிம் சம்: முதல்ல டீய சொல்லுங்க, கூடைய அப்புறம் பாக்கலாம்

கேள்வி: ஜனவரில நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் நாலு நாள் ஹாங்காங் போறோம். எனக்கு டிம் சம்னா உயிர், ஆனா இதுவரைக்கும் சாப்ட்டதெல்லாம் சென்னை ஹோட்டல்ல தான். அங்க போய் மெனு புரியாம முழிக்கக்கூடாது. அவர் பீஃப் தொடமாட்டார். மாமியார் சுத்த சைவம், பாதி நாள் வெங்காயம் பூண்டும் கிடையாது. எப்படி ஆர்டர் பண்றது, எதை விடக்கூடாது, மாமியார எங்க கூட்டிட்டு போறது?

பதில்: மாமியார் விஷயத்துக்கு கடைசில வர்றேன், நீங்க பயப்படுற அளவுக்கு அது கஷ்டமே இல்ல.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அந்த ஊர்ல யாரும் டிம் சம் சாப்ட போலாமான்னு கேக்கமாட்டாங்க, யம் சா போலாமான்னு தான் கேப்பாங்க. யம்னா குடிக்கிறது, சான்னா டீ. அந்தக் காலத்துல மூடி போட்ட ஒரு கிண்ணம் டீயும் ரெண்டு பலகாரமும் வச்சுகிட்டு பேப்பர் படிச்சே காலைய ஓட்டுவாங்க, அதுல இருந்து வந்த பழக்கம் இது. அதனால உக்காந்ததும் சர்வர் வந்து என்ன டீன்னு தான் கேப்பார், நீங்க ஹா காவ்னு, அதாவது இறால் வச்ச கொழுக்கட்டைல, ஆரம்பிச்சா அவர் முகம் மாறும். போ லேன்னு சொல்லுங்க, கருப்பா மண்வாசனையோட இருக்கும், பன்னிக்கறி கொழுப்ப அப்படியே கரைச்சு உள்ள தள்ளிடும். அது ஒத்துக்கலன்னா ஹியுங் பின், மல்லிப்பூ வாசம் அடிக்கும், மாமியாருக்கும் பிடிக்கும். பாலும் சக்கரையும் கேக்காதீங்க ப்ளீஸ். டீக்கு தலைக்கு இவ்வளவுன்னு பில்லுல வரும், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் பல கடைல தனி. கேக்காமலே கடலையோ ஊறுகாயோ வச்சா அதுக்கும் காசு போட்டிருப்பாங்க, வேணாம்னா அப்பவே திருப்பி குடுத்துடுங்க.

பழைய மாதிரி கடைகள்ல ஒரு பெரிய கிண்ணமும் வைப்பாங்க, உங்க கப்பு, சின்ன கிண்ணம், சாப்ஸ்டிக் எல்லாத்தையும் அதுக்கு மேல பிடிச்சு முதல் டீயால சூடா அலசி, அலசுன தண்ணிய அதுலயே ஊத்திடணும். எனக்கு முதல் தடவ இது தெரியாம, ஓ இது தான் சூப்பு போலன்னு அந்தக் கிண்ணத்த வாய் வரைக்கும் தூக்கிட்டேன், பக்கத்து டேபிள் பாட்டி கைய நீட்டி தடுத்தாங்க. அப்புறம் டீய மத்தவங்களுக்கு ஊத்திட்டு தான் உங்களுக்கு ஊத்திக்கணும். உங்களுக்கு யாராவது ஊத்துனா ரெண்டு விரலால மேஜைய லேசா தட்டுங்க, அது தான் தேங்க்ஸ். சீனாவோட சியான்லுங் சக்ரவர்த்தி மாறுவேஷத்துல போனப்ப தன் ஆளுக்கே டீ ஊத்திட்டார், விழுந்து கும்பிட்டா குட்டு உடைஞ்சுடும்னு அந்த ஆள் விரலாலயே மண்டி போட்ட மாதிரி காட்டுனார், அப்படின்னு ஒரு கதை சொல்லுவாங்க, கதை தான். ஜாடில தண்ணி தீந்தா யாரையும் கூப்பிட வேணாம், மூடிய பாதி திறந்து சாய்ச்சு வச்சா வந்து வெந்நீர் ஊத்திட்டு போவாங்க.

இப்ப ஆர்டர். முக்கால்வாசி இடத்துல ஒரு சீட்டு குடுப்பாங்க, டிக் அடிச்சு குடுக்கணும், டூரிஸ்ட் வர்ற கடைன்னா இங்கிலீஷ் சீட்டும் இருக்கும். சின்னது, நடுத்தரம், பெருசு, ஸ்பெஷல்னு பிரிச்சிருப்பாங்க, அது விலைக் கணக்கு, சைஸ்னு நெனச்சு ஏமாறாதீங்க. ஒரு மூங்கில் கூடைக்கு 3 இல்ல 4 பீஸ் இருக்கும். இங்க தான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன், ரெண்டே பேர் போய் 12 கூடைய ஒரே மூச்சுல டிக் அடிச்சோம், பத்து நிமிஷத்துல டேபிள் நெறஞ்சு கூடைமேல கூடை, அஞ்சாவது கூடைய திறக்குறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போய் தோல் விறைச்சு காகிதத்தோட ஒட்டிகிச்சு. ஆறுன ஹா காவும் ஆறுன கொழுக்கட்டையும் ஒண்ணு தான், தொண்டைல இறங்காது. நீங்களும் அவரும் தான் சாப்டப் போறீங்க, முதல் ரவுண்டுக்கு மூணு கூடை போதும், அது முடியுறப்ப இன்னும் ரெண்டு. சீட்டு இன்னொண்ணு கேட்டா தருவாங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

அந்த முதல் மூணு: ஹா காவ், சியூ மாய் (பன்னிக்கறியும் இறாலும் வச்ச, மேல மூடாத கொழுக்கட்டை), ஒரு சியுங் ஃபன்.

ஹா காவ்ல தான் ஒரு சமையக்கட்டோட தரம் தெரியும். கோதுமைல இருந்து பசைய எடுத்துட்டு மிச்சம் இருக்குற ஸ்டார்ச், கூட கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச், இதுல கொதிக்கிற தண்ணிய ஊத்தி சூட்டோட பிசையுறாங்க, நம்ம கொழுக்கட்டைக்கு மாவு கிளர்ற அதே கதை தான், ஆனா தோல் கண்ணாடி மாதிரி, உள்ள இருக்குற இறாலோட ரோஸ் கலர் வெளிய தெரியணும். சாப்ஸ்டிக்ல தூக்குனா கிழியக்கூடாது, கடிச்சா இறால் நறுக்குன்னு எதிர்த்து நிக்கணும். இறால உப்பு, சோடா போட்டு பிசறி குளுந்த தண்ணில நல்லா அலசுறதுனால வர்ற மொறு அது. இந்த மொறுவுக்கே அந்த ஊர் பாஷையான காண்டோனீஸ்ல சொங்னு தனியா ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, வழுக்கிகிட்டு போற பதத்துக்கு வாட்னு இன்னொரு வார்த்தை. சியுங் ஃபன் சாப்டா வாட் என்னன்னு புரியும், அரிசி மாவு கரைசல மெல்லிசா ஆவில வேக வச்சு சுருட்டி, மேல லேசா இனிப்பான சோயா சாஸ் ஊத்தி தருவாங்க. இந்த ரெண்டையும் வாய்ல பிடிச்சிட்டீங்கன்னா பாதி சாப்பாடு புரிஞ்ச மாதிரி, ஏன்னா நாம காரம் புளிப்புன்னு தேடுவோம், அங்க நாக்கு பதத்தையும் சேத்து தேடும். உப்பில்லாம சப்புன்னு இருக்குன்னு சொல்றவங்க எல்லாம் முதல் கூடைலயே காரச் சாஸ் கேட்டவங்க. சாஸ் வேணும்னா பொரிச்ச முள்ளங்கி கேக்குக்கு தொட்டுக்கோங்க, ரொம்ப நல்லாருக்கும். ஹா காவ் மேல ஊத்துனீங்கன்னு தெரிஞ்சா நான் வருத்தப்படுவேன்.

ரெண்டாவது ரவுண்டுக்கு சா சியூ பாவ், மேல பூ மாதிரி வெடிச்ச வெள்ளை பன், உள்ள பன்னிக்கறி, கறி இனிக்கும், அதிர்ச்சி ஆகாதீங்க. தைரியம் இருந்தா ஃபுங் ஜாவ், அதாவது கோழிக்கால், முதல்ல எண்ணெய்ல பொரிச்சு அப்புறம் ஊற வச்சு கருப்பு பீன்ஸ் சாஸ்ல வேக வச்சது. ஆட்டுக்கால் பாயால எலும்ப உறிஞ்சுற ஆளுன்னா உங்களுக்கு இது சொந்த வீடு, எலும்ப தட்டுல துப்பலாம், அங்க அது தப்பே இல்ல.

பீஃபுக்கு முதல்ல தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தை, ஙாவ். நம்ம ங எழுத்துக்கு ஒருவழியா ஒரு வேலை கெடச்சுது பாருங்க. ஙாவ் யுக்னா மாட்டுக்கறி, அந்தக் கறி உருண்டை, சியுங் ஃபன்ல பீஃப் வச்சது, மாட்டு இரைப்பை, இதெல்லாம் சாதாரணமா இருக்கும், டிக் அடிக்காம விடுங்க, இரைப்பைக்கு பேர்ல ஙாவ் இல்லாமலும் வரும், சந்தேகம்னா கேட்டுக்கோங்க. ஆனா பன்னி எல்லாத்துலயும் இருக்கு, அவருக்கு அது ஓகேவான்னு இப்பவே கேட்டுக்கோங்க. லோ மாய் காய்னு தாமரை இலைல கட்டுன ஒட்டரிசி, பேர்ல கோழி தான், உள்ள பன்னியும் சைனீஸ் சாசேஜும் சேந்தே இருக்கும்.

எங்க போறதுன்னா, கூடைகள அடுக்கி டேபிள் டேபிளா தள்ளிகிட்டு வர்ற வண்டிய பாக்கணும்னா சென்ட்ரல் ஏரியால சிட்டி ஹால் மாடில இருக்குற மேக்சிம்ஸ் பேலஸ். வண்டி வந்ததும் மூடிய திறந்து காட்ட சொல்லி கை காட்டி வாங்கலாம், பாஷையே வேணாம். ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, மூணு தலைமுறை குடும்பமா கிளம்பி வந்திருக்கும். பழைய காலத்து டீக்கடை மரச்சாமான் அழகுக்கு ஸ்டான்லி ஸ்ட்ரீட்ல லுக் யூ, 1933ல இருந்து நடக்குது, விலை ஜாஸ்தி. சிக்கனமா போகணும்னா டிம் ஹோ வான், 2009ல மோங் காக்ல சின்ன கடையா ஆரம்பிச்சு அடுத்த வருஷ மிஷ்லின் ரெஸ்டாரண்ட் கைட்லயே ஸ்டார் வாங்குனவங்க, இப்ப பல ஊர்ல கிளை இருக்கு. அங்க ஓவன்ல சுட்ட பன்னிக்கறி பன் மட்டும் விடாதீங்க. பழைய முறை கடைகள் பலதுல மத்தியானத்தோட டிம் சம் முடிஞ்சுடும், ராத்திரி போய் கேட்டு ஏமாறாதீங்க.

ராத்திரிக்கு வேற ஆட்டம். ஆவில வேக வச்ச முழு மீனு, இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு மேல சுடச்சுட எண்ணெய் ஊத்துனது, அது ஒண்ணு கண்டிப்பா. தொட்டில நீந்துற மீன காட்டி விலை சொல்லுவாங்க, அது கேட்டிக்கா டேலுக்கான்னு கேளுங்க, ரெண்டும் அந்த ஊர் எடை, 1 கேட்டி 16 டேல், சுமார் 605 கிராம். டேல் விலைய கேட்டி விலைன்னு நெனச்சு தலையாட்டுனா பில்லு பாத்ததும் மயக்கம் வரும். மேல் பக்கம் சாப்ட்டு முடிச்சதும் மீன திருப்பிப் போடாதீங்க, மீனவக் குடும்பங்கள்ல அது படகு கவுறுற சகுனம், நடு முள்ள தூக்கிட்டு அடிப்பக்கம் சாப்டுங்க. ஜனவரின்னா குளிர் காலம், மண்சட்டி சோறும் கெடைக்கும், அடில காந்தல சுரண்டி எடுக்குற சத்தம் கேட்டா மாமியாரே எட்டிப் பாப்பாங்க.

மாமியாருக்கு வருவோம். சாதாரண டிம் சம் கடைல சைவம்னு சொல்லி நம்பி சாப்டுறது ரிஸ்க், முள்ளங்கி கேக்லயே சாசேஜும் காஞ்ச இறாலும் இருக்கும், கீரைக்கு சிப்பில செஞ்ச ஆய்ஸ்டர் சாஸ், டார்ட் மாவுல பன்னிக் கொழுப்பு போடுற கடையும் உண்டு. அங்க அவங்களுக்கு மல்லிப்பூ டீ, அப்புறம் கடைசில நான் சொல்ற ஒரே ஒரு ஐட்டம், அதோட நிறுத்திக்கோங்க. சாப்பாட்டுக்கு டைமண்ட் ஹில் ஸ்டேஷன்ல இறங்கி நான் லியான் தோட்டத்துக்கு போங்க, சி லின் பௌத்த மடத்துக்கு எதுக்க, அருவிக்கு பின்னாடி மடத்து சைவ ஹோட்டல் இருக்கு. பௌத்த மடத்து சமையல்ல வெங்காயம் பூண்டு ரெண்டுமே விலக்கு, உங்க மாமியார் விரதமும் அவங்க விதியும் அப்படியே ஒத்துப்போகுது பாருங்க, முட்டை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. லந்தாவ் தீவுல பெரிய புத்தர் பாக்கப் போனா பக்கத்துல போ லின் மடத்துலயும் டிக்கெட் வாங்கி சைவச் சாப்பாடு சாப்டலாம். கடை எதுலயும் ஜாய்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, சைவம்னு அர்த்தம். ஜாய் சியுங்னு ஒண்ணு உண்டு, உள்ள ஒண்ணுமே வைக்காத சியுங் ஃபன், எள்ளு சாஸ் ஊத்தி தருவாங்க, அத நீங்களும் ஒரு தட்டு வாங்குங்க, மாமியார் தட்டுல கை வைக்காம.