ஒரே மாஸ்ஃபெட் மட்டும் ஏன் எரிகிறது?

கேள்வி: இன்வெர்ட்டரில் இணையாகப் போட்ட 4 மாஸ்ஃபெட்டுகளில் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) அவற்றை ஆன், ஆஃப் செய்யும் டிரைவர் சர்க்யூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே திரும்பத் திரும்பப் போகிறது. நான்குக்கும் கேட் (கட்டுப்பாட்டு முனை) ரெசிஸ்டர் ஒன்றுதான். என்ன கோளாறு?

பதில்: முழுதாக ஆன் ஆன பிறகு பிரச்சினை குறைவு, சூடேறியதன் மின்தடை கூடுவதால் கரன்ட் மற்றவற்றுக்குத் தானே நகரும். ஆன், ஆஃப் ஆகும் நொடித்துளியில்தான் வம்பு. அப்போது சூடு கைகொடுக்காது, கெடுக்கும்: சூடானதன் திரெஷோல்டு வோல்டேஜ் (ஆன் ஆகத் தொடங்க கேட்டுக்குத் தேவையான வோல்டேஜ்) இறங்குவதால் அதுவே முந்திக்கொண்டு ஆன் ஆகி, கடைசியாக ஆஃப் ஆகும்.

சோர்ஸ் (கேட் வோல்டேஜுக்கு அடிப்படையான முனை) பக்கத்துப் போர்டு தடங்களையும் அளந்து பாருங்கள். மைக்ரோநொடிக்கு 100 ஆம்பியர் ஏறும்போது தடத்தின் இண்டக்டன்ஸில் (கரன்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை) வெறும் 10 நானோஹென்றி வித்தியாசமே கேட்டில் 1 வோல்ட்டைத் தின்றுவிடும். குட்டைத் தடம் உள்ளதற்கு அந்த இழப்பு இல்லை, சுமை அதன் தலையில்.

ஒவ்வொரு கேட்டுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள், 4.7 ஓமில் தொடங்கலாம். தடங்கள் சமநீளம், ஹீட் சிங்க் ஒன்றே. எரிந்ததை மட்டும் மாற்றாதீர்கள், நான்கையும் ஒரே பேட்சில் மாற்றுங்கள்.