கொறங்காட்டில் வரைய என்ன இருக்கிறது?

நிலக்காட்சி ஓவியம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காங்கேயம் பக்கத்தில் ஓவியக்கூடம் வைத்திருக்கும் ஓவியர் பதில் சொல்கிறார்.

*அக்கா, நான் நுண்கலை படிக்கிறேன். ஊட்டி, வால்பாறை என்று போனால் கை தானாக வரைகிறது. எங்கள் ஊரிலோ வறண்ட காடும் வேலியும்தான். இங்கே எதை வரைவது?*
– கல்லூரி மாணவி, தாராபுரம்

வேலியிலிருந்தே ஆரம்பி, கண்ணு. தாராபுரம், மூலனூர், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு சாதாரண நிலமில்லை. தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நாலு பக்கமும் கிளுவை உயிர்வேலி. மாடும் ஆடும் மேய்வதற்கென்றே நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த இடம் அது. கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்போது கிட்டப் போய்ப் பார். தண்டின் மேல்தோல் மெல்லிசாகச் சுருண்டு உரியும், அதற்கு அடியில் பச்சை தெரியும். அதே வேலியை அடுத்த காட்டிலிருந்து பார்த்தால் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு கோடு. இந்த இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவரப் பார். ஒரு கோடை முழுக்கப் போதுமான வேலை.

காய்ந்த புல் என்றதும் டியூபிலிருந்து மஞ்சளைப் பிதுக்குகிறார்கள். புல்லில் அந்த மஞ்சளே கிடையாது. காலையில் வெளிறிய வைக்கோல் நிறம், உச்சிவெயிலில் கிட்டத்தட்ட வெள்ளை, பொழுது சாயும்போது செம்பு. ரா சியன்னா என்ற மண் மஞ்சள் வண்ணத்தில் துளி ஊதாவைச் சேர்த்துத் தண்ணீர் அதிகமாக விட்டுப் பூசிப் பார், பக்கத்தில் வந்துவிடும்.

அப்புறம் மாடு. வெயிலில் ஒரு காங்கேயம் பசு நின்றால் நான் முதலில் பார்ப்பது அடிவயிற்றை. செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே ஆரஞ்சாக ஏறியிருக்கும். வெயில் படாத விலாவில் ஆகாசத்தின் நீலம் இருக்கும். வெறும் வெள்ளை என்று சொல்ல முதுகில் ஒரு விரல் அகலம் இருந்தாலே அதிகம். கன்றுகள் பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் ஆகும்போதுதான் நிறம் மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும். ஒரு பட்டியில் நிற்கும் மாடுகளை வைத்தே நிறம் படிக்கலாம்.

ஊட்டிக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போய் வா. மலையில் நாலு நாள் பச்சையைப் பார்த்துவிட்டு இறங்கினால்தான், நம் மண் எவ்வளவு சிவப்பு என்று கண்ணுக்கு உறைக்கும். பயணம் போய் வருவதில் எனக்குப் பெரிய லாபமே அதுதான். ஊரைப் புதுக் கண்ணோடு பார்க்க முடிகிறது.

*ஆனி, ஆடியில் வெளியே உட்கார்ந்து வரையவே முடிவதில்லை. காற்று ஸ்டாண்டைத் தள்ளிவிடுகிறது, வண்ணம் பூசும் முன்பே தாள் காய்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?*
– வாசகர், உடுமலைப்பேட்டை

உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரில் இருக்கிறதுங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய திறப்பு அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் புகுந்து வருகிறது. அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. அதனால் அந்த மாதங்களில் ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தரையில் உட்கார்ந்து மடியில் அட்டையை வையுங்கள். தாள் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு போதும், நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஸ்டாண்டு இருந்தே ஆக வேண்டும் என்றால் கால்களுக்கு நடுவே ஒரு பையைக் கட்டித் தொங்கவிட்டுக் கல்லைப் போடுங்கள். கரைக்கும் தண்ணீரில் சில சொட்டு கிளிசரின் விட்டால் நீர்வண்ணம் காய்வது கொஞ்சம் தள்ளிப்போகும். சொட்டு அதிகமானால் பிசுபிசுப்பு போகவே போகாது, பார்த்துச் செய்யுங்கள்.

ஆனாலும் இந்தக் காற்றைத் தொந்தரவு என்று மட்டும் நினைக்காதீர்கள். தென்னை மட்டைகள் அத்தனையும் கிழக்கே சாய்ந்து கிடக்கும். மழை மேற்கே மலையிலேயே நின்றுவிடும், மேகம் மட்டும் நம் பக்கம் வரும். அதன் நிழல் காட்டின் மேல் ஓடுவதைக் கண்ணால் தொடர முடியும். வேறு எந்த மாதத்திலும் இந்த ஊரில் இப்படி வெளிச்சம் கிடையாது. ஜான் கான்ஸ்டபிள் என்ற இங்கிலாந்து ஓவியர் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் உட்கார்ந்து மேகங்களாகவே வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்று குறித்து வைத்தார். நீங்களும் குறித்து வையுங்கள். ஒரு ஆடி முழுக்க இப்படிச் சேர்ந்தால் அதுவே ஒரு கண்காட்சிக்குப் போதும்.

*இடத்துக்குப் போய் செல்போனில் படம் எடுத்துவந்து, வீட்டில் வைத்து வரைந்தால் தவறா, அம்மா?*
– வாசகர், ஈரோடு

தவறில்லை. ஆனால் போனை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். நம் வெயிலில் போன் ஒன்று ஆகாசத்தை வெளுத்துவிடும், இல்லை நிழலைக் கருக்கிவிடும். உங்கள் கண் அந்தப் புளியமர நிழலுக்குள் பார்த்த பழுப்பும் பச்சையும் படத்தில் இருக்காது. நானும் போனில் எடுப்பேன், மரக்கிளை எங்கே பிரிகிறது, ஓட்டுவீட்டில் எத்தனை தாழ்வாரம் என்பதற்காக. நிறத்துக்கு அதைத் தொட மாட்டேன். இடத்திலேயே சின்னதாக ஒரு வண்ணக் குறிப்பு எடுத்துவிடுவேன், நேரம் இல்லையென்றால் பென்சிலில் கோடு போட்டு மேலேயே எழுதிவிடுவேன்: ‘ஆகாசம் அடியில் தூசி மஞ்சள்’, ‘கிணற்று மேடு ஊதா’. 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றிய இங்கிலாந்து ஓவியர் எட்வர்ட் லியரும் இதைத்தான் செய்தார். வேகமாகக் கோடு, அதன் மேலேயே நிறத்தின் பெயர், மையும் வண்ணமும் பிற்பாடு.

கூடத்துக்கு வந்ததும் நான் உடனே பெரிய கேன்வாஸை எடுப்பதில்லை. குறிப்பைச் சுவரில் குத்திவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். எது இல்லாவிட்டால் இந்தப் படம் படமாகாது என்று ஒரு வரியில் சொல்ல வந்த பிறகுதான் கோடு. வெளியில் சேகரிப்பது, உள்ளே முடிவு செய்வது, இரண்டும் வேறு வேறு வேலை. மின்கம்பத்தை எடுத்துவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நான் விட்டுவைப்பேன். கம்பம், சொட்டுநீர்க் குழாய், தோட்டத்துச்சாலையின் (தோட்டத்து வீட்டின்) தகரக் கூரை எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய கொங்கு நாடு.

என் கூடம் பழைய தறிக்குடோன். பக்கத்தில் இன்னும் தறி ஓடுகிறது, அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. இந்த இடத்தைப் பிடித்ததே வடக்குச் சன்னலுக்காக. வடக்கு வெளிச்சம்தான் நாளெல்லாம் மாறாது என்று ஐரோப்பியப் புத்தகங்களில் போட்டிருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நமக்கு உச்சிச் சூரியனே வடக்கே சாய்ந்துதான் நிற்கும். காலையிலும் சாயங்காலத்திலும் வடக்குச் சன்னலில் வெயில் நேராக அடிக்கும். அந்த மாதங்களில் நான் ஒரு பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சன்னலில் கட்டிவிடுகிறேன். புதிதாகக் கூடம் கட்டுகிறவர்கள் இதைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லி, வடக்கே நீளமாகத் தாழ்வாரம் இறக்குங்கள்.

*குறைந்த செலவில் நீர்வண்ணம் தொடங்க எதை வாங்குவது?*
– வாசகர், நாமக்கல்

பணத்தைத் தாளில் போடுங்கள். பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் நாலு வாங்கி, எட்டாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். மலிவுத் தாளில் எவ்வளவு நல்ல வண்ணமும் திட்டுத்திட்டாக நிற்கும். வண்ணம் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா சியன்னா, லைட் ரெட் (செங்கல் சிவப்பு), லெமன் மஞ்சள், ஐந்தே போதும். முதல் இரண்டைக் கலந்தால் நம் பாறைக்கும் மழைமேகத்துக்கும் வேண்டிய சாம்பல் எல்லாம் கிடைக்கும். பச்சை டியூப் வேண்டவே வேண்டாம். அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப்போகும், விற்கிற படத்தில் அதைப் போடாதீர்கள்.

*வெளியே தனியாகப் போய் வரைய வீட்டில் விடுவதில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், அக்கா?*
– வாசகி, சத்தியமங்கலம்

வீட்டாரின் பயத்தை அலட்சியம் செய்யாதே, அம்மணி. அதற்காக வரையாமலும் இருக்காதே. முதலில் யார் காடு என்று கேட்டு, அந்தத் தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு உட்கார். அந்த வீட்டுப் பெண்களிடம் பேசிவிட்டால் போதும், அப்புறம் அவர்களே மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நம்ம மாட்டையும் போடுங்க” என்பார்கள். முதுகுப் பக்கம் சுவரோ மரமோ இருக்கிற மாதிரி உட்கார்ந்தால் பின்னால் வந்து யாரும் நிற்க முடியாது. எங்கே இருக்கிறாய் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். உன் ஊரைச் சுற்றிப் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் வேறு. அனுமதி இல்லாமல் வனத்துக்குள் கால் வைக்காதே. பொழுது சாய்ந்த பிறகு வன ஓரத்தில் இருக்காதே. வாய்க்கால் கரையிலும் மஞ்சள் காயப்போட்ட களத்திலும் வேண்டிய மட்டும் படம் இருக்கிறது. மஞ்சளுக்குத் தை, மாசியில் போ, வேகவைத்துக் களத்தில் பரப்பியிருப்பார்கள். அந்த நிறத்தை லெமன் மஞ்சளில் தொடங்காதே, ரா சியன்னாவில் தொடங்கு.

*பவானி ஆற்றை வரைய எந்த இடம் நல்லது?*
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

கொடிவேரி அணை உங்கள் வாசலில் இருக்கிறது. கூட்டம் சேரும் முன், காலையிலேயே போய்விடுங்கள். விழும் தண்ணீருக்கு வெள்ளை பூசாதீர்கள், தாளின் வெள்ளையை அப்படியே விட்டுச் சுற்றிலும் பாறையை இருட்டாக்குங்கள். காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் மார்கழிப் பனி நல்ல பாடம், தூரத்து மரங்களுக்கு ஓரமே இருக்காது.

பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. அதன் நீர்ப்பரப்புக்குள் போன டணாயக்கன் கோட்டையின் பழைய கோயில், தண்ணீர் வெகுவாக இறங்கும் வருடங்களில் வெளியே தெரியும். அணையின் நீர்மட்டம் செய்தித்தாளில் வருகிறது, கோடையில் அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இறங்குகிறது என்று தெரிந்தால் அதிகாரிகளிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். சேறு காய்ந்து வெடித்த தரைக்குத் தனியாக ஒரு தாள் எடுத்து வையுங்கள்.