பவர் பத்திரத்துக்கு நோட்டரி கையெழுத்து மட்டும் போதுமா?

தம்பி, வெளிநாட்டில் இருக்கும் நீங்கள், ஊரில் இருக்கும் நிலத்தை உங்கள் சார்பில் விற்க அப்பா பேருக்குப் பவர் கொடுக்க வேண்டும், அங்கேயே ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது மட்டும் போதாது.

இன்னார் என் முன் வந்தார், அடையாள அட்டையைப் பார்த்தேன், என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார், இவ்வளவுதான் நோட்டரி சொல்வது. அதனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள், அவர் எதிரில்தான் போட வேண்டும். சரி, அந்த நோட்டரி நிஜமான நோட்டரிதானா என்று வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் பதிவாளருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அப்போஸ்டில் என்ற அரசுச் சான்றிதழ். 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருந்தால், பத்திரம் எழுதப்பட்ட நாட்டில் வாங்கும் அந்த ஒரு சான்றிதழே போதும். ஏதாவது ஒரு நாடு அதில் இல்லையென்றால் நோட்டரி, வெளியுறவுத் துறை, அப்புறம் பத்திரம் போக வேண்டிய நாட்டின் தூதரகம் என்று வரிசையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

இதில் பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சீனாவுக்கு இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பரில், கனடாவுக்கு 2024 ஜனவரியில். அதற்கு முன் தூதரகத்துக்கு அலைந்தவர்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஹேக் மாநாடு (HCCH) என்ற அமைப்பின் இணையதளத்தில் நாடுகளின் பட்டியல் இருக்கிறது, எந்த நாடு எந்த நாட்டை ஏற்க மறுத்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும், ஏனென்றால் இரண்டு நாடுகளுமே உறுப்பினராக இருந்தும் ஒன்று ஆட்சேபித்திருந்தால் அவற்றுக்கிடையே அப்போஸ்டில் எடுபடாது.

அப்போஸ்டில் கொடுப்பது யார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா என்றால் நோட்டரி எந்த மாநிலத்தில் நியமிக்கப்பட்டவரோ அந்த மாநிலத்தில்தான் வாங்க வேண்டும், பக்கத்து மாநிலத்தில் நடக்காது. கையில் வாங்கியதும் பாருங்கள், சதுரமான கட்டம், மேலே பிரெஞ்சில் தலைப்பு, உள்ளே 1 முதல் 10 வரை எண் போட்ட வரிகள், அதில் கையெழுத்திட்டவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்காது, நோட்டரியின் பெயர்தான் இருக்கும், பதற வேண்டாம். பத்திரத்தில் எழுதியிருப்பது சரியா தவறா என்று அந்தச் சான்றிதழ் சொல்லவே சொல்லாது, கையெழுத்துக்கும் முத்திரைக்கும்தான் அது பொறுப்பு. தாளோடு சேர்த்து அடித்த பின்னைப் பிரித்து நகல் எடுக்காதீர்கள், பிரித்த தடம் தெரிந்தால் பத்திரத்தைப் பெறும் அதிகாரி சந்தேகப்படுவார்.

இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள நம் நாட்டுத் தூதரகத்தில் இந்தச் சேவை இருந்தால் அங்கேயே அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடலாம், தூதரக அதிகாரிகள் எழுதிக்கொடுக்கும் பத்திரங்களை ஒப்பந்தமே விலக்கி வைத்திருப்பதால் அப்போஸ்டிலுக்கு அலைய வேண்டியதில்லை. நேரம் கிடைக்குமானால் உங்கள் விஷயத்துக்கு எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும், பத்திரத்தை வாங்கப்போகும் பதிவு அலுவலகத்தில் அப்பாவை நேரில் கேட்கச் சொல்லுங்கள். என்ன வாசகம், எத்தனை சாட்சி, எந்த மொழி, வந்து சேர்ந்த பிறகு அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமா, கட்டினால் எத்தனை நாளுக்குள், எல்லாமே அவர்கள் சொல்வதுதான் கணக்கு. மொழிபெயர்ப்பு தேவையென்றால் அதை அப்போஸ்டிலுக்கு முன்பு செய்வதா பின்பு செய்வதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அப்பாதானே என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக பவர் எழுதிவிடாதீர்கள், தம்பி. இந்த நிலம், இந்த சர்வே எண், விற்கவும் பதிவு செய்யவும் மட்டும் என்று குறுக்கி எழுதுங்கள். பெயரில் ஓர் எழுத்துகூட பாஸ்போர்ட்டிலிருந்து மாறக் கூடாது. கூரியரில் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும், முத்திரை விழுந்த பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.