பொட்டலத்தின் பின்பக்கம்

தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய். வெயிலை விரும்பும் இந்தக் குடும்பத்தை வீட்டில் வளர்க்க முயன்று பணம் இழந்தவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. சிலவற்றுக்குப் பதில்கள்.

இணையத்தில் ‘நீலத் தக்காளி’ விதை வாங்கினேன். காய்த்தவை எல்லாம் சிவப்பு. விற்றவரிடம் கேட்டால், என் மண்ணின் குணம் என்கிறார்.

பொய் சொல்கிறார். பழத்தின் நிறம் விதையோடு வருவது. கருநீலத் தோலுள்ள தக்காளி வகைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அந்தக் கருமை பெரும்பாலும் வெயில் படும் பக்கத்தில்தான் ஏறும், உள்ளே சதை வழக்கம்போலத்தான் இருக்கும். முழுப்பழமும் நீலமாய் மின்னும் படம் கணினியில் தீட்டியது. உங்கள்மீது எந்தத் தவறும் இல்லை. விளம்பரப் பக்கத்தை உடனே படமெடுத்து வையுங்கள், நாளை அதை நீக்கிவிடுவார்கள். பொட்டலம், பணம் கட்டிய ரசீது, பழத்தின் படம் ஆகியவற்றோடு அந்த விற்பனைத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

சமையலுக்கு வாங்கிய பச்சைக் குடைமிளகாயின் விதையை ஊன்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை.

பச்சைக் குடைமிளகாய் பழுக்காத காய். முற்றாத விதை முளைக்காது.

பொட்டலத்தில் ‘70 நாளில் அறுவடை’ என்று போட்டிருந்தது. விதைத்து 75 நாள் ஆயிற்று, இப்போதுதான் பூ வருகிறது. போலி விதையா?

போலி இல்லை. ஆனால் இது எனக்குப் பல வருடக் கோபம், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அந்த நாள் கணக்கு பெரும்பாலும் நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. விதை முளைத்து நாற்றாக வளரும் ஐந்து முதல் எட்டு வாரம் அதில் சேராது. இதை ஒரே வரியில் அச்சிட முடியும். பல நிறுவனங்கள் அச்சிடுவதில்லை. முன்பக்கம் முழுக்கப் பழத்தின் படம். பின்பக்கம் எறும்பு எழுத்து.

அந்த எறும்பு எழுத்தில்தான் நீங்கள் வாங்கும் பொருள் இருக்கிறது. ரகத்தின் பெயர், தொகுதி எண், முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், அதைச் சோதித்த தேதி. இவை இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். தேதி மிளகாய்க்கு மிக முக்கியம். நன்றாக வைத்திருந்தால் தக்காளி விதை நான்கு ஆண்டு தாங்கும். மிளகாய் விதை இரண்டு ஆண்டுக்குப் பின் சோர்ந்துவிடும். தேதி பார்க்காமல் நான் வாங்கிய மிளகாய் விதைக்கு மூன்று வாரம் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தேன். ஒரு தட்டில் இரண்டு முளைத்தன. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தார், போன பருவத்தைத் தர அவரால் முடியவில்லை.

‘எஃப்1’ என்றிருந்தால் அது கலப்பின விதை. நல்ல விளைச்சல் தரும், ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல வராது. விதை சேமிக்க நினைப்பவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று என்றே கருதுகிறேன். தக்காளிப் பெயரின் பின்னால் வி, எஃப், என், டி என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவை அந்த ரகம் தாங்கும் நோய்களைக் குறிப்பவை. என் என்பது வேரில் முடிச்சு போடும் நூற்புழு.

பூவும் பிஞ்சுமாக இருக்கும் நாற்றைத்தான் தேர்ந்தெடுத்து வாங்குகிறேன். சரிதானே?

சரியில்லை. சின்னத் தொட்டியில் பிஞ்சு விட்ட செடி, வேருக்கு இடமில்லாமல் தவிக்கிற செடி. பிஞ்சைப் பார்த்து மயங்கி நானும் ஆறு மிளகாய்ச் செடி வாங்கியிருக்கிறேன். வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டிருந்தது, நட்ட பின் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. குட்டையாக, தண்டு தடித்து, பூ விடாத நாற்றை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ பறந்தால் அந்தக் கடையிலேயே வாங்காதீர்கள்; தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டு வருவது அதுதான், வந்தபின் மருந்து இல்லை.

சுண்டை வேரில் ஒட்டிய கத்தரி நாற்றை இரட்டை விலைக்கு வாங்கினேன். தக்காளியைப்போல ஆழமாக நட்டேன், வாடிவிட்டது. அட்டையில் ஏதோ எழுதியிருந்தது, படிக்கவில்லை.

படித்திருக்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைத்தால் மேலே ஒட்டிய கத்தரித் தண்டு மண்ணுக்குள் தன் சொந்த வேரை இறக்கிவிடும். வாடல் நோயைத் தடுக்க நீங்கள் கொடுத்த கூடுதல் விலை அத்தோடு வீண். விற்றவரிடம் கேட்க இதில் ஒன்றும் இல்லை.

கடும் வெயிலில் பூ உதிர்கிறது. ‘பூ நிற்க’ என்று ஒரு புட்டி மருந்து விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் செயலிழந்துவிடும். அந்தப் பணத்துக்கு நிழல்வலை வாங்குங்கள்.

மூட்டைத் தொழு உரம் போட்டதிலிருந்து தக்காளியின் புது இலைகள் முறுக்கிக்கொண்டு பெரணி இலைபோல வருகின்றன. விற்றவர் வைரஸ் என்கிறார்.

அவர் சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். உரம் போட்ட செடி எல்லாம் முறுக்கி, போடாத செடி நன்றாக இருந்தால் உரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேய்ச்சல் புல்லுக்குத் தெளிக்கும் சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணம் மக்கிய பின்னும் தங்கியிருக்கும். தக்காளிக் குடும்பம் அதற்கு உடனே சுருண்டுவிடும். சோதித்துப் பாருங்கள்: இரண்டு தொட்டியில் அந்த உரம் கலந்த மண், இரண்டில் உரமில்லாத மண், நான்கிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் உரத் தொட்டியில் மட்டும் இலை முறுக்கினால் படமெடுத்து, மூட்டையின் தொகுதி எண்ணோடு தயாரித்தவருக்கு அனுப்புங்கள். செடிக்கான ஈட்டையும் சேர்த்தே கேளுங்கள், உரத்தின் விலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மீதி உரத்தில் இரண்டு கை அள்ளி ஒரு பையில் கட்டித் தனியாக வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம்.