சிவப்பு கடல் கண்ணாடி பென்டன்ட் ஒரிஜினலா, மெஷின்ல உருட்டுனதா?

கேள்வி: என் பொண்ணு இங்கிலாந்துல டர்ஹம்ல படிக்கிறா. போன வாரம் ஆன்லைன்ல "சீஹம் கடல் கண்ணாடி"ன்னு 45 பவுண்டுக்கு ஒரு சிவப்பு பென்டன்ட்டும் அதே கலர்ல ஜோடி தோடும் வாங்கியிருக்கா. வெள்ளியில 925 முத்திரை இருக்கு, கூட ஒரு சர்டிஃபிகேட்டும் வந்திருக்கு. எங்க தெரு ஆசாரிகிட்ட போட்டோ காட்டினா "இது உடைஞ்ச பாட்டில் துண்டும்மா"ங்கிறார். ஏமாந்துட்டோமா சார்? – மதுரை வாசகி

பதில்: ஆசாரி சொன்னதுல தப்பே இல்லம்மா, ஒரிஜினல் கடல் கண்ணாடியும் கடல் அலை உருட்டித் தேச்ச, உடைஞ்ச கண்ணாடித் துண்டுதான். நீங்க காசு குடுக்கிறது கண்ணாடிக்கு இல்ல, அது கடல்ல கெடந்த காலத்துக்கு. சீஹம்ங்கறது இங்கிலாந்துல ஒரு கடற்கரை ஊர், அங்க 1853-ல ஜான் கேண்ட்லிஷ்னு ஒருத்தர் பாட்டில் ஃபேக்டரி ஆரம்பிச்சார், 1921 வரைக்கும் ஓடுச்சு, மிச்சம் மீதி கண்ணாடியெல்லாம் அப்படியே கடல்ல கொட்டுனாங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் கரை ஒதுங்கிக்கிட்டு இருக்கு. அப்ப அங்க கெடைக்கிற துண்டுக்கு நூறு வயசுக்கு மேல இருக்கும், அத நாலு நாள்ல மெஷின்ல செஞ்சு அதே பேர்ல விக்கிறாங்கன்னா எனக்கு வயிறு எரியுது.

இப்ப உங்க பென்டன்ட்டுக்கு வர்றேன். எனக்கு மொத சந்தேகமே அந்த சிவப்புலதான். பாட்டில் ஃபேக்டரி கண்ணாடின்னா பச்சை, பிரவுன், வெள்ளை இதுதான் அள்ள அள்ள வரும். சிவப்பு எங்கயுமே அபூர்வம், விளக்குக் கண்ணாடி, அலங்காரப் பாத்திரம் இப்படி எதுலயாவது இருந்து வந்தாத்தான் உண்டு. வருஷக்கணக்கா கரையில குனிஞ்சு தேடுறவங்களுக்கே ஒரு சிவப்பு சிக்குனா அன்னைக்கு திருவிழா. அப்படி இருக்கறப்ப ஒரே ஷேடு, ஒரே சைஸ், ஒரே வடிவத்துல மூணு துண்டு சேத்து 45 பவுண்டுக்கு ஒருத்தர் குடுக்கறார்னா, நான் அத நம்ப மாட்டேன்.

ஆனா போட்டோவ வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது. நகைக்கடையில கண்ணுகிட்ட வச்சுப் பாப்பாங்களே பத்து மடங்கு லென்ஸ், அது ஒண்ணு போதும், அத வாங்கி வெளிச்சத்துல பாக்கச் சொல்லுங்க பொண்ணுகிட்ட. கடல்ல கெடந்த துண்டு கூழாங்கல்லுல மோதி மோதி மேல முழுக்க குட்டி குட்டி பிறை வடிவ தழும்பு விழுந்திருக்கும், ஆங்கில 'சி' எழுத்து மாதிரி. அது போக, உப்புத்தண்ணி கண்ணாடிக்குள்ள இருக்கற சோடாவையும் சுண்ணாம்பையும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துடும், அதனால பனி படிஞ்ச மாதிரி சொரசொரப்பு ஒரு எடத்துல கூட, ஒரு எடத்துல கொறைய வரும். மெஷின் டிரம்ல மண்ணு போட்டு உருட்டுனதுல தழும்பு இருக்காது, வழவழன்னு ஒரே சீரா இருக்கும். ஆசிட்ல முக்கி எடுத்ததும் அப்படித்தான், மூலை முடுக்கெல்லாம் ஒரே மாதிரி மங்கி இருக்கும்.

இதுல ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்க, நல்ல துண்ட தூக்கிப் போடறதே இங்கதான். சில ஒரிஜினல் துண்டுல ஒரு ஓரம் மட்டும் பளபளன்னு இருக்கும், ஒடனே "பாத்தியா, போலி"ம்பாங்க. இல்லங்க. எண்பது வருஷம் உருண்ட துண்டு போன மாசப் புயல்ல பாறையில அடிச்சு ஒரு சில்லு பேந்திருக்கலாம், அந்த எடத்த கடல் இன்னும் தேய்க்க ஆரம்பிக்கவே இல்ல, அதான் பளபளப்பு. மிச்ச பக்கமெல்லாம் தழும்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஒரிஜினல்தான், நகை வேலைக்கு எடுக்க மாட்டாங்க, அவ்வளவுதான். தோட்டுல வளையம் மாட்ட ஓட்டை போட்டிருந்தா ஓட்டைக்குள்ள பளிச்சுன்னு தெரியறதும் அதே கதைதான், டிரில் போனது நேத்து. ஆக ஒரு எடம் பளபளக்குதேன்னு ஒதுக்காதீங்க, முழுசும் ஒரே சீரா இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

அந்த 925 முத்திரை இருக்கே, அது வெள்ளிக்கு. கண்ணாடிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா அதப் பாத்துத்தான் முக்காவாசி பேர் மயங்கறாங்க. சர்டிஃபிகேட் யார் குடுத்தது? வித்தவரே பிரிண்ட் போட்டுக் குடுத்தது, அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் ஹால்மார்க் சட்டம் போட்ட நாட்டுல கடல் கண்ணாடின்னு எழுதி விக்கறத முன்கூட்டியே பாத்து சொல்ல ஒரு ஆபீஸ் கெடையாது. ஆன்லைன் தளத்துக்கு கம்ப்ளெயின்ட் போட்டா "விற்பனையாளர தொடர்பு கொள்ளுங்க"ன்னு பதில் வரும், அவர்தானே ஏமாத்துனதுன்னு கேட்டா மறுபடி அதே பதில். எத்தனை பேருக்கு இத பாத்து பாத்து அலுத்துப் போச்சு.

விளம்பரத்துல எழுதியிருக்கறத வரி வரியா படிக்கச் சொல்லுங்க. "கல்ச்சர்டு", "சீ கிளாஸ் ஸ்டைல்" இப்படி எங்கயாவது அடியில பொடி எழுத்துல இருந்தா அது மெஷின் சரக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாச்சு. போட்டோல துண்டு ஈரமா, எண்ணெய் தடவுன மாதிரி மின்னுனா காஞ்ச போட்டோ கேளுங்க, ஈரத்துல ஒரிஜினலும் போலியும் ஒண்ணாத்தான் தெரியும். புற ஊதா டார்ச் அடிச்சு பச்சையா ஜொலிக்குதுன்னு வீடியோ போடறாங்களே, அது கண்ணாடியில யுரேனியமோ மாங்கனீஸோ கலந்திருக்குன்னுதான் அர்த்தம், கடல்ல கெடந்துச்சுன்னு இல்ல.

போலின்னு தெரிஞ்சா யோசிக்காம திருப்பி அனுப்புங்க. பிரிட்டன்ல கடைக்காரர்கிட்ட ஆன்லைன்ல வாங்கினா பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேண்டாம்னு சொல்லிடலாம். விவரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள்ள முழுப் பணத்தையும் கேக்கலாம். போன்ல பேசிட்டு விட்டுடாதீங்க, எழுத்துல அனுப்பணும், லென்ஸ் வழியா எடுத்த போட்டோவும் சேத்து.

பொண்ணுக்கு நெஜமாவே ஆசைன்னா டர்ஹம்ல இருந்து சீஹம் ரொம்ப தூரம் இல்ல, அவளே போய் பொறுக்கலாம், காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போற ஆளெல்லாம் தேவையே இல்ல. குளிர்காலத்துல நல்லா காத்தடிச்சு ஓஞ்ச மறுநாள், தண்ணி உள்வாங்குற நேரம் பாத்து, மணல விட்டுட்டு கூழாங்கல் வரிசையா கெடக்கற எடத்துல தேடணும். சிவப்பு கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், பச்சையும் வெள்ளையும் கண்டிப்பா கெடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தா கோலி குண்டு கூட சிக்கும், நம்மூர் கோலி சோடா பாட்டில் இருக்கே, ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872-ல பேட்டன்ட் எடுத்தது, அந்த பாட்டில் கோலி அங்க கரைகள்ல இன்னும் ஒதுங்குது. மேல சரியற சுண்ணாம்புப் பாறை, அதனால மலையடிவாரத்துல ஒட்டி நிக்க வேண்டாம்னு சொல்லுங்க, தண்ணி திரும்ப ஏறுற நேரத்தையும் முன்னாடியே பாத்து வச்சுக்கட்டும்.